ஜெர்மன் கால்பந்தில் ரசிகர்தான் முதலாளி என்கிறார்களே, அப்புறம் ஏன் கிளப்புகள் கடனில் மூழ்குகின்றன?

உங்கள் கேள்வி இது: "ஜெர்மனியில் கிளப்புகள் ரசிகர்களுக்குச் சொந்தம் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். அப்படியானால் டோர்ட்முண்ட் ஏன் திவால் வாசல் வரை போனது? ஷால்கே ஏன் கடனோடு இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது? இறங்கிய பிறகும் அறுபதாயிரம் பேர் ஏன் மைதானத்துக்குப் போகிறார்கள்?" மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். ரசிகர் கையில் அதிகாரம் இருந்தால் கிளப்பின் பணம் பத்திரமாக இருக்குமா? என் பதில், இருக்காது. யார் முடிவெடுப்பது என்பதை மட்டும்தான் அந்த விதி தீர்மானிக்கிறது. முடிவு சரியா தவறா என்பது அதற்குள் வராது. அதோடு, ரசிகரின் விசுவாசம் இருக்கிறதே, ஒரு கிளப் மிகச் சுலபமாக அடகு வைக்கக்கூடிய சொத்து அதுதான். டோர்ட்முண்டிலும் ஷால்கேயிலும் நடந்தது அந்த அடகுதான்.

நான் கணக்குத் தணிக்கை படித்தவன். இருபது வருடத்துக்கு மேலாக டோர்ட்முண்டில் குடியிருக்கிறேன். நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் படிப்பது தொழில், கால்பந்துக் கிளப்புகளின் அறிக்கைகளைப் படிப்பது ஆசை. கணக்குப் புத்தகத்தில் இருப்பதை நம்பிக்கையோடு சொல்வேன். மனிதர்கள் ஏன் ஒரு கிளப்பை விடுவதில்லை என்பதில் நான் நிபுணன் இல்லை. அங்கே நான் பக்கத்தில் நின்று பார்த்ததை மட்டும் சொல்கிறேன். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: நான் டோர்ட்முண்ட் சங்கத்தின் உறுப்பினர். என் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு படியுங்கள்.

முதலில் விதி. ஜெர்மனியில் கால்பந்துக் கிளப் என்பது தொடக்கத்தில் ஒரு 'ஃபெரைன்', அதாவது பதிவு பெற்ற சங்கம். நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கம் போல நினைத்துக்கொள்ளலாம்: சந்தா கட்டினால் உறுப்பினர், பொதுக்குழுவில் ஆளுக்கு ஒரு வாக்கு. 1998 வரை ஜெர்மனியின் முதல் டிவிஷனான புண்டெஸ்லீகாவின் கிளப்புகள் எல்லாமே இப்படித்தான் இருந்தன. அந்த வருடம் ஜெர்மன் கால்பந்துச் சங்கம் தொழில்முறை அணியைத் தனி நிறுவனமாகப் பிரித்துக்கொள்ள அனுமதித்தது. கூடவே ஒரு நிபந்தனை: அந்த நிறுவனத்தில் பாதி வாக்கும் மேற்கொண்டு ஒரு வாக்கும் தாய்ச் சங்கத்திடமே இருக்க வேண்டும். அதைத்தான் 50+1 என்கிறார்கள். ஷால்கே போன்ற சில கிளப்புகள் பிரிக்கவே இல்லை, இன்றும் முழுச் சங்கமாகவே இருக்கின்றன. பேயர்ன் மியூனிக்கில் சங்கத்திடம் 75 சதவீதம், மீதியை அடிடாஸ், அவுடி, அலியான்ஸ் மூன்றும் சமமாக வைத்திருக்கின்றன.

பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. விதி எண்ணுவது வாக்கை, பணத்தை அல்ல. டோர்ட்முண்ட் பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம், அதன் பங்குகளில் தாய்ச் சங்கத்திடம் இருப்பது ஐந்து சதவீதத்தை ஒட்டித்தான். இருந்தும் 50+1 மீறப்படவில்லை. நிறுவனத்தை நடத்தும் உரிமை ஒரு சிறிய நிர்வாகக் கம்பெனியிடம் இருக்கிறது, அந்தக் கம்பெனி நூறு சதவீதமும் சங்கத்துக்குச் சொந்தம். ஜெர்மன் கம்பெனிச் சட்டம் இப்படி ஓர் அமைப்புக்கு இடம் தருகிறது. பணம் போட்டவர்கள் ஒரு பக்கம், சாவி இன்னொரு பக்கம். ஆகவே "ரசிகர்களுக்குச் சொந்தம்" என்று சொல்வதைவிட "ரசிகர்களின் சங்கத்திடம் சாவி இருக்கிறது" என்பது சரி.

இனி டோர்ட்முண்ட் கதை. 1997இல் ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கை ஜெயித்த கிளப். அந்த உயரத்திலேயே நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது. 2000 அக்டோபரில் பங்குச் சந்தைக்குப் போனது, பங்கு விலை 11 யூரோ. பத்துக் கோடி யூரோவுக்கு மேல் வந்தது. அடுத்த வருடமே இத்தாலியிலிருந்து அமோரோசோ என்ற பிரேசில் வீரரை ஏறக்குறைய இரண்டரைக் கோடி யூரோவுக்கு வாங்கினார்கள். 2002இல் லீக் பட்டமும் கிடைத்தது. ஆனால் சம்பளப் பட்டியல், வருடா வருடம் சாம்பியன்ஸ் லீக் பணம் வரும் என்ற கணக்கில் எழுதப்பட்டிருந்தது. 2003 ஆகஸ்டில் தகுதிச் சுற்றில் பெல்ஜியத்தின் கிளப் ப்ரூஜிடம் பெனால்டியில் தோற்றார்கள். ஒரு பெனால்டித் தொடரில் அந்த வருடக் கணக்கு சரிந்தது. அதற்கு முன்பே, 2002இல், மைதானத்தை ஒரு முதலீட்டு நிதிக்கு விற்றுவிட்டு அதே மைதானத்தில் வாடகைக்கு விளையாட ஆரம்பித்திருந்தார்கள். வீட்டை விற்றுக் கல்யாணம் செய்துவிட்டு அதே வீட்டில் குடித்தனக்காரராக இருப்பது போல. கடன் பத்துக் கோடி யூரோவைத் தாண்டியது, வாடகை கட்டவும் காசில்லை.

2005 மார்ச் 14, டுஸல்டார்ஃப் விமான நிலையத்தில் ஒரு கூட்டம். கூடியவர்கள் ரசிகர்கள் அல்ல, மைதானத்தை வாங்கியிருந்த அந்த நிதியின் முதலீட்டாளர்கள். அந்த நிதியில் பணம் போட்டவர்கள் மொத்தம் சுமார் 5,800 பேர், பெரும்பாலும் சேமிப்பைப் போட்ட சாதாரண மனிதர்கள். வாடகையைத் தள்ளிவைத்து மறுசீரமைப்புக்கு ஒத்துக்கொள்கிறீர்களா என்பது கேள்வி. இல்லை என்றால் கிளப் திவால். வாக்களித்ததில் 94 சதவீதத்துக்கு மேல் சரி என்றது. இந்தக் காட்சியை நான் மறுபடி மறுபடி நினைப்பதுண்டு. 50+1 விதி முழுமையாக அமலில் இருந்தது, சங்கத்தின் வாக்குரிமை பத்திரமாக இருந்தது. ஆனாலும் கிளப்பின் தலைவிதியை அன்று எழுதியது கடன் கொடுத்தவர்களின் கை. கடன் ஓர் அளவைத் தாண்டிவிட்டால் சாவி யாரிடம் என்பதற்கு அர்த்தமில்லாமல் போகிறது. உங்கள் முதல் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் என்னிடம் இல்லை.

அந்தக் கஷ்டகாலத்தில் பேயர்ன் மியூனிக் இருபது லட்சம் யூரோ கைமாற்றுக் கொடுத்திருந்ததைப் பல வருடம் கழித்து அதன் நீண்டகால நிர்வாகி ஊலி ஹோனஸ் வெளியே சொன்னார். டோர்ட்முண்ட் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. 2005 கடைசியில் மைதானத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை ஒரு காப்பீட்டுக் குழுமத்துக்குப் போனது, 2006இல் பெரிய கடன் ஒன்றை வாங்கி மைதானத்தைத் திரும்ப மீட்டார்கள். அப்புறம் 2008இல் பயிற்சியாளராக யூர்கன் க்ளாப் வந்தார். காசில்லாததால் இளைஞர்களை வைத்தே அணி கட்ட வேண்டிய நிலை. 2010இல் ஜப்பானிலிருந்து வந்த ககாவாவுக்குக் கொடுத்த விலை மூன்றரை லட்சம் யூரோ. அமோரோசோவின் விலையோடு வைத்துப் பாருங்கள். 2011, 2012 இரண்டு வருடமும் சாம்பியன்.

இதில் ரசிகர்கள் எங்கே என்று கேட்பீர்கள். திவாலை நெருங்கிய 2004–05 பருவத்திலும் சராசரியாக 75 ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். இன்று 81 ஆயிரம் பேர் கொள்ளும் அந்த மைதானத்தின் தெற்குப் பக்கத்தில் மட்டும் ஏறக்குறைய 25 ஆயிரம் பேர் நின்றபடி பார்க்கிறார்கள். மஞ்சள் சுவர் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே எனக்குப் பக்கத்தில் நிற்பவர் எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஆலை மூடப்பட்டு, இரும்பெல்லாம் கழற்றிச் சீனாவுக்கு ஏற்றப்பட்டது, உலை இருந்த இடத்தில் இப்போது ஓர் ஏரி இருக்கிறது. 2000இல் அவர் நூறு பங்கு வாங்கினார், 1,100 யூரோ, அன்றைய கணக்கில் இரண்டாயிரத்துச் சொச்சம் மார்க். 2009 வாக்கில் ஒரு பங்கு ஒரு யூரோவுக்கும் கீழே வந்துவிட்டது. ஒருமுறை அவர் வீட்டுக்குப் போனபோது, வங்கி அனுப்பிய ஒதுக்கீட்டுக் கடிதம் கண்ணாடிச் சட்டம் போட்டு நடைக்கூடத்தில் மாட்டியிருந்தது. மகளின் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில். ஏன் விற்கவில்லை என்று கணக்குக்காரனாகக் கேட்டேன். அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. கோயிலுக்குக் கொடுத்த நன்கொடை ரசீதை யாராவது விலை ஏறினதும் விற்பார்களா? அவர் அந்தக் காகிதத்தை அப்படித்தான் வைத்திருந்தார்.

தணிக்கைக்காரனாக இதில் நான் பார்ப்பது வேறொன்று. சாதாரணக் கம்பெனியின் சரக்கு மோசமானால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார், அந்தப் பயம்தான் நிர்வாகத்தை ஒழுங்காக வைக்கிறது. கால்பந்துக் கிளப்பில் வாடிக்கையாளர் போக மாட்டார். அணி தோற்றாலும் டிக்கெட் விற்கும், சட்டை விற்கும். கடன் கொடுப்பவரின் கண்ணுக்கு இது தங்கம், இருபது வருடத்துக்கு நிச்சயமான வருமானம். நிர்வாகியின் கண்ணுக்கு இது சபலம். ஷால்கே இதை எழுத்திலேயே செய்தது. 2000களின் தொடக்கத்தில், வரப்போகும் வருடங்களின் டிக்கெட் வருமானத்தை ஈடாகக் காட்டி நீண்டகாலக் கடன் வாங்கினார்கள். இன்னும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை பெரியவனானதும் வாங்கப்போகும் டிக்கெட்டின் காசு அப்போதே செலவாகிவிட்டது. 2012இல் 6.75 சதவீத வட்டிக்கு ஐந்து கோடி யூரோ கடன் பத்திரமும் வெளியிட்டார்கள்.

ஷால்கேயின் ஊர் கெல்சன்கிர்ஷன், நிலக்கரிச் சுரங்க ஊர். அணியின் பட்டப்பெயரே சுரங்கத் தொழிலாளிகள் என்றுதான் இருக்கிறது. வீரர்கள் மைதானத்துக்குள் வரும் வழியைச் சுரங்கப் பாதை மாதிரியே அமைத்திருக்கிறார்கள். ஊரின் கடைசிச் சுரங்கம் 2008இல் மூடியது, பத்து வருடம் கழித்துப் பக்கத்து ஊரான போட்ராப்பில் ஜெர்மனியின் கடைசி நிலத்தடி நிலக்கரிச் சுரங்கமும் மூடியது. கிளப் மட்டும் மிச்சம். டோர்ட்முண்ட்காரன் ஷால்கேயைப் புகழ்வது எங்கள் ஊரில் பெரிய பாவம், ஆனாலும் சொல்கிறேன்: அந்த ஊர் மக்களுக்கு அது வெறும் விளையாட்டு அணி இல்லை. 2020–21 பருவத்தில் முந்தைய பருவத்தையும் சேர்த்துத் தொடர்ந்து 30 லீக் ஆட்டம் ஜெயிக்காமல் போய்க் கீழே இறங்கியது. கொரோனாவால் மைதானம் காலி, கடன் இருபது கோடி யூரோவைத் தாண்டியிருந்தது. 2007 முதல் சட்டையில் இருந்த ரஷ்ய எரிவாயு நிறுவனத்தின் பெயரை, உக்ரைன் மீது படையெடுப்பு நடந்த சில நாட்களில், 2022 பிப்ரவரி கடைசியில் எடுத்துவிட்டார்கள். கடன் கழுத்தை நெரிக்கும் நேரத்தில் மிகப் பெரிய விளம்பரதாரரை விட்டார்கள், உறுப்பினர்களிடமும் ரசிகர்களிடமும் அதற்கு ஆதரவு இருந்தது. 2022இல் மேலே ஏறி அடுத்த வருடமே மறுபடி இறங்கியபோதும், இரண்டாம் டிவிஷனில் சராசரி அறுபதாயிரத்துக்கு மேல் கூட்டம். உறுப்பினர்கள் ஏறக்குறைய 2 லட்சம்.

அப்படியானால் பெரிய முதலாளியை விட்டால் சரியாகிவிடுமா? இந்த வாதம் ஜெர்மனியிலும் ஓயாமல் நடக்கிறது. நடந்தவற்றைப் பார்த்தால் அதற்குச் சாட்சி குறைவு. பெர்லினின் ஹெர்த்தாவில் 2019 முதல் ஒரு முதலீட்டாளர் 37 கோடி யூரோவுக்கு மேல் போட்டார். ஐரோப்பாவின் பெரிய அணி ஆக்குவதாகப் பேச்சு. 2023இல் கிளப் இரண்டாம் டிவிஷனுக்குப் போனது, அவரும் பங்கை விற்றுவிட்டு விலகினார். மியூனிக்கின் 1860 கிளப்பில் 2011இல் ஒரு ஜோர்டான் தொழிலதிபர் நுழைந்தார். 2017இல் இரண்டாம் டிவிஷனிலிருந்து இறங்கியபோது லீக்கில் ஆடும் உரிமத்துக்குத் தேவையான பணத்தை அவர் போடாததால், மூன்றாவதுகூடக் கிடைக்காமல் நான்காம் மட்டத்துக்கு விழுந்தது. ஹாம்பர்க்கில் ஒரு கோடீசுவரரின் பணம் பல வருடம் இருந்தும் 2018இல் வரலாற்றில் முதல்முறையாக இறங்கியது, திரும்பி ஏற ஏழு வருடம் ஆனது. வெளிப் பணம் எப்போதும் கெடுதல் என்று நான் சொல்லவில்லை. திட்டமில்லாத இடத்தில் வந்த பணம் சம்பளமாகக் கரைந்துபோகிறது, அவ்வளவுதான்.

உண்மையில் ஜெர்மன் கிளப்புகளைத் தாங்கிப் பிடிப்பது 50+1 அல்ல, அதைவிடச் சுவாரசியம் குறைந்த ஒன்று: உரிமம். புண்டெஸ்லீகா 1963இல் தொடங்கிய நாளிலிருந்தே வருடா வருடம் கிளப்புகள் கணக்கைக் காட்டி அடுத்த பருவத்துக்கான உரிமம் வாங்க வேண்டும். அடுத்த பருவம் முழுக்கச் சம்பளம் கொடுக்கக் கையில் காசிருக்கிறதா என்று லீக் பார்க்கும். பற்றாது என்றால், குறிப்பிட்ட தேதிக்குள் இவ்வளவு கொண்டுவா என்று நிபந்தனை. டோர்ட்முண்ட் தப்பித்ததற்கும் மற்ற நாடுகளைவிட இங்கே நடுப்பருவத்தில் காணாமல் போகும் கிளப்புகள் குறைவாக இருப்பதற்கும் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் இந்தச் சோதனை கையிருப்பைப் பார்க்கிறது, புத்திசாலித்தனத்தைப் பார்ப்பதில்லை. வரும் பன்னிரண்டு மாதத்துக்குப் பணம் இருக்கிறதா என்று கேட்கும், பத்து வருடம் கழித்து என்ன செய்வாய் என்று கேட்காது. ஷால்கே அந்த இடைவெளியில்தான் விழுந்தது.

விசுவாசம் நல்லதாகவும் வேலை செய்யும், அதற்கும் பெர்லினிலேயே உதாரணம் இருக்கிறது. யூனியன் பெர்லின், நகரத்தின் கிழக்கே கோபெனிக் பகுதிக் கிளப். 2004இல் உரிமத்துக்குச் சுமார் 15 லட்சம் யூரோ கையிருப்புக் காட்ட வேண்டியிருந்தபோது, ரசிகர்கள் ரத்தம் கொடுத்து அதற்குக் கிடைத்த படிப்பணத்தைக் கிளப்பிடம் கொடுத்தார்கள். 2008–09இல் மைதானத்தைப் புதுப்பிக்கக் காசில்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சம்பளம் வாங்காமல் கல் சுமந்து, கான்கிரீட் ஊற்றி, ஏறக்குறைய 1,40,000 மணி நேரம் வேலை செய்தார்கள். 2019இல் புண்டெஸ்லீகா, 2023இல் சாம்பியன்ஸ் லீக். ஹாம்பர்க்கின் சாங்க்ட் பவுலி 2024 கடைசியில் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, ஒரு பங்கு கட்டணத்தோடு சேர்த்து 850 யூரோ என்று விற்று, சுமார் 2.9 கோடி யூரோ திரட்டியது. மைதானத்தின் பெரும்பங்கை அந்தக் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. இங்கேயும் ரசிகரின் விசுவாசம்தான் மூலதனம். வித்தியாசம் என்னவென்றால், அவர்களிடம் கேட்டு வாங்கினார்கள், அந்தக் காசு கல்லாகவும் கூரையாகவும் கண்ணெதிரே நிற்கிறது. ஷால்கேயின் டிக்கெட் அடமானத்தில் யாரும் ரசிகரைக் கேட்கவில்லை. இந்தக் கோட்டைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்.

ரசிகரின் குரல் எடுபட்ட ஒரு சம்பவமும் சமீபத்தில் நடந்தது. 2023 டிசம்பரில் லீக் அமைப்பு, தன் ஒளிபரப்பு உரிமைகளில் 8 சதவீதப் பங்கை 20 வருடத்துக்கு ஒரு தனியார் முதலீட்டு நிறுவனத்துக்குக் கொடுத்து 100 கோடி யூரோ வரை வாங்கத் திட்டமிட்டது. 36 கிளப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 24 வாக்கு தேவை. சரியாக 24 கிடைத்தது. ஹனோவர் கிளப்பின் தாய்ச் சங்கம் எதிர்த்து வாக்களிக்கச் சொல்லித் தன் பிரதிநிதிக்கு உத்தரவு கொடுத்திருந்தது. வாக்கெடுப்பு ரகசியம், தான் எப்படி வாக்களித்தேன் என்று அவர் சொல்ல மறுத்தார். அந்த ஒரு வாக்கு மாறியிருந்தால் தீர்மானம் விழுந்திருக்கும். அவர் ஆதரித்துத்தான் வாக்களித்தார் என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள், எதிர்த்த கிளப்புகள் வெளிப்படையாகச் சொன்னதை வைத்துக் கூட்டிக் கழித்தால் அப்படித்தான் வருகிறது. ஆனாலும் அது கணக்கிட்டு வந்த முடிவு, ஆவணம் இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு ஆட்டத்தில் நானும் நின்றிருந்தேன். ஆட்டம் தொடங்கிய பன்னிரண்டு நிமிடம் பாட்டு இல்லை, கைதட்டல் இல்லை. பந்தை உதைக்கும் சத்தமும் கோல்கீப்பர் கத்துவதும் மேல்படி வரைக்கும் கேட்டது. அப்புறம் டென்னிஸ் பந்துகள் மழை மாதிரி விழுந்தன, தங்கக் காகிதம் சுற்றிய சாக்லேட் காசுகளும். ஆட்டம் நின்றது. வீரர்கள் ஒவ்வொன்றாக எல்லைக்கு வெளியே தட்டிவிட்டார்கள், பந்து பொறுக்கும் பிள்ளைகள் கூடையோடு ஓடினார்கள். வேறு ஊர்களில் ரிமோட் கார்கள் புகைவிட்டுக்கொண்டு புல்வெளியில் ஓடின. யாரையும் அடிக்கவில்லை, எதையும் கொளுத்தவில்லை. ஒளிபரப்பை விற்கிறாய் அல்லவா, அந்த ஒளிபரப்பையே நிறுத்திக் காட்டுகிறோம் என்றார்கள். 2024 பிப்ரவரி 21 அன்று லீக் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. திங்கட்கிழமை ஆட்டங்களை எதிர்த்து 2017–18இல் தொடங்கிய போராட்டமும் இப்படித்தான், 2021–22 முதல் அவை புண்டெஸ்லீகாவில் இல்லை.

இனி, அடிக்கடி உறுதியாகச் சொல்லப்பட்டாலும் உறுதி இல்லாத இரண்டு விஷயங்கள். முதலாவது, 50+1 இருப்பதால்தான் பேயர்ன் மட்டும் ஜெயிக்கிறது என்பது. 2013 முதல் 2023 வரை தொடர்ந்து பதினோரு பட்டம் என்பது உண்மை. 2023–24இல் பேயர்னின் வருமானம் 75 கோடி யூரோவைத் தாண்டியது, இரண்டாவதான டோர்ட்முண்டுக்கு 50 கோடி அளவில். நடுத்தரக் கிளப்புகள் இன்னும் எவ்வளவோ கீழே. ஆனால் இத்தாலியில் இந்த விதி இல்லை, யுவென்டஸ் 2012 முதல் 2020 வரை தொடர்ந்து ஒன்பது பட்டம் ஜெயித்தது. பிரான்ஸில் இல்லை, அங்கே பாரிஸ் ஆதிக்கம். வருடா வருடம் சாம்பியன்ஸ் லீக் பணம் ஒரே கிளப்புக்குப் போய்க்கொண்டிருந்தால் எந்த விதியிலும் இடைவெளி அகலும் என்பதுதான் என் எண்ணம். இரண்டாவது, 50+1 இருப்பதால்தான் டிக்கெட் மலிவு, கூட்டம் நிறைய என்பது. தொடர்பு இருக்கலாம். பேயர்னிலேயே நின்று பார்க்கும் சீசன் டிக்கெட் 200 யூரோவுக்குக் கீழே இருப்பதற்கு, பொதுக்குழுவில் எழுந்து கேள்வி கேட்கும் உறுப்பினர்கள் ஒரு காரணம் என்று நானும் நம்புகிறேன். ஆனால் 2006 உலகக் கோப்பைக்காகப் புதிதாகவும் பெரிதாகவும் கட்டிய மைதானங்கள், இங்கிலாந்து எடுத்துவிட்ட நிற்கும் பகுதிகளை ஜெர்மனி வைத்துக்கொண்டது, பல கிளப்புகளில் டிக்கெட்டோடு ரயிலும் பஸ்ஸும் இலவசம், இவையெல்லாம் சேர்ந்த விளைவு அது. ஒவ்வொன்றின் பங்கையும் தனியாகப் பிரித்துக் காட்ட முடியாது.

லைப்சிக் பற்றியும் நியாயமாக இரண்டு வார்த்தை. 2009இல் ஓர் எனர்ஜி பான நிறுவனம் பக்கத்து ஊர்ச் சிறு கிளப்பின் லீக் இடத்தை வாங்கித் தொடங்கியது. வாக்குள்ள உறுப்பினர்கள் ஒரு சிலரே, ஆகவே 50+1 எழுத்தில் இருக்கிறது, உயிரில் இல்லை. இது எனக்கு ஏற்புடையது அல்ல. ஆனால் அந்த நகரத்து மக்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஜெர்மன் கால்பந்துச் சங்கம் 1900இல் பிறந்த ஊர் அது, 1903இல் நாட்டின் முதல் சாம்பியனும் அந்த ஊர் அணிதான். 1994க்குப் பிறகு 2016 வரை முதல் டிவிஷனில் ஓர் அணி இல்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக ஓர் அணி வந்தது, போகிறார்கள். லெவர்குசனும் வேறு கதை. 1904இல் மருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளிகள் தொடங்கியது, அந்தக் கம்பெனி இருபது வருடத்துக்கு மேல் தொடர்ந்து ஆதரித்ததால் 50+1இலிருந்து விலக்கு. கம்பெனிக் கிளப் என்று கேலி செய்தவர்கள் எல்லோரும் 2024இல் அது லீக்கில் ஒரு தோல்விகூட இல்லாமல் சாம்பியன் ஆனபோது எழுந்து கைதட்டினார்கள், நானும்தான்.

இந்த விலக்குகள்தான் இப்போது விதியின் பலவீனமான இடம். சிலருக்கு விலக்கு, சிலருக்குக் கட்டுப்பாடு என்றால் நீதிமன்றத்தில் நிற்குமா என்ற கேள்வி வரும். ஹோஃபன்ஹைமில் 2015இல் விலக்கு வாங்கிய மென்பொருள் கோடீசுவரர் டீட்மார் ஹாப் 2023இல் தானாகவே பெரும்பான்மை வாக்கைச் சங்கத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஜெர்மன் போட்டி ஆணையம் 2025 ஜூனில் வெளியிட்ட மதிப்பீட்டில், 50+1இன் நோக்கம் ஏற்கத்தக்கது, ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி அமலாக வேண்டும், உறுப்பினராகும் வாசல் எல்லாக் கிளப்பிலும் திறந்திருக்க வேண்டும் என்றது. அதாவது லெவர்குசன், அதே போல விலக்குப் பெற்ற வோக்ஸ்வாகன் கார் கம்பெனியின் வோல்ஃப்ஸ்பர்க், லைப்சிக் மூன்றிலும் ஏதாவது மாற வேண்டியிருக்கும். நீங்கள் தொடர்ந்து கவனிக்க விரும்பினால் பட்டியலில் யார் மேலே என்பதோடு இதையும் பாருங்கள். கிளப்பின் ஆண்டறிக்கை கையில் கிடைத்தால் மொத்த வருமானத்தில் சம்பளம் எவ்வளவு, மைதானம் யார் பெயரில், வரப்போகும் வருமானத்தில் ஏற்கெனவே ஈடாக எழுதிக்கொடுத்தது எவ்வளவு என்று பாருங்கள். மூன்றாவது பெரும்பாலும் பின்பக்கக் குறிப்புகளில் சின்ன எழுத்தில் இருக்கும். நான் அறிக்கையைத் திறந்ததும் முதலில் போவது அங்கேதான்.